டெல்டா துணிக்கு எந்த மெஷின்?

தஞ்சாவூரில் வாஷிங் மெஷின் வாங்கக் கடையேறினால் முதலில் வரும் கேள்வி, ‘ஃப்ரண்ட் லோடா, டாப் லோடா?’ என்பது. பிறகு எத்தனை கிலோ, எத்தனை ஸ்டார், தவணை உண்டா என்று பேச்சு போய்விடும். ‘உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்? ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா?’ என்று யாரும் கேட்பதில்லை. துணி வெளுப்பதும் பழுப்பதும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. களிமண்ணும் வண்டலும் நிறைந்த காவிரி டெல்டாவில் இது இன்னும் உண்மை.

அழுக்கு போவதற்கு நான்கு காரணிகள் வேண்டும் என்று 1959-ல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர். சோப்பு போன்ற வேதிப்பொருள், அடித்தல் கசக்கல் போன்ற இயக்கம், வெப்பம், நேரம் ஆகியவையே அந்த நான்கு. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் அதிக நேரம் ஊற வேண்டும். ஊற நேரமில்லை என்றால் அதிகம் கசக்க வேண்டும். சலவைத் தொழில் முழுக்க இன்றும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

வெள்ளாவியும் படித்துறையும்

சின்னர் வரைவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் இந்த நான்கையும் கையாண்டார்கள். துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்கி, பானையின் மேல் சுற்றி அடுக்கி, மூடி, இரவெல்லாம் அடுப்பெரித்து ஆவியில் வேகவைப்பது வெள்ளாவி. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அது நீரின் கடினத்தன்மையைப் போக்கும். துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாகவே மாற்றும். குறைந்த நீர், அடர்ந்த காரம், நூறு டிகிரியை ஒட்டிய வெப்பம், ஓர் இரவு நேரம். விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் ஓங்கி அடிப்பார்கள், அது இயக்கம். பிறகு ஓடும் நீரில் அலசல், வெயிலில் உலர்த்தல்.

படித்துறையில் வீட்டுத் துணி துவைத்தவர்களின் வழி வேறு. அடுப்பு கிடையாது. சோப்புப் போட்டுக் கசக்கிக் கும்மி, வெண்ணாற்றிலோ வடவாற்றிலோ குடமுருட்டியிலோ ஓடுகிற நீரில் விட்டு அலசினார்கள். வெப்பத்தின் குறையைத் தண்ணீரின் தாராளம் ஈடுகட்டியது.

இன்றைய இரண்டு மெஷின்களும் இந்த இரண்டு வழிகளின் வாரிசுகள். ஃப்ரண்ட் லோட், குறைந்த நீர், அடர்ந்த சோப்பு, வெப்பம், ஓங்கி விழும் அடி என்று வெள்ளாவி வழியில் போகிறது. டாப் லோட், நிறைய நீர், சுழல், கசக்கல் என்று படித்துறை வழியில் போகிறது.

டிரம்முக்குள் நடப்பது

வீடுகளுக்கான முதல் தானியங்கி ஃப்ரண்ட் லோடை 1937-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் டிரம் படுக்கைவசமாகச் சுழல்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 60 சுற்றை எட்டினால் மையவிலக்கு விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே விழாமலே சுற்றும். துவைக்கும்போது ஏறத்தாழ 50 சுற்றில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த வேகத்தில் துணி சுவரைப் பற்றி மேலேறி, உச்சியை நெருங்கும்போது பிடி விட்டு, கீழே கிடக்கும் ஈரத்துணி மேல் ‘தொப்’பென்று விழும். ஒவ்வொரு விழுதலிலும் இழைகளுக்கு நடுவே இருக்கும் நீர் பிதுங்கி வெளியேறுகிறது. புதுச் சோப்பு நீர் உள்ளே போகிறது.

விழ இடமில்லை என்றால் வெளுப்பும் இல்லை. உலர்ந்த துணியைப் போட்டபின் டிரம்மின் மேற்புறம் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். நுரையும் பகை. நுரை நிரம்பினால் விழும் துணியை மெத்தென்று தாங்கிக்கொள்ளும், அடியே விழாது. பக்கெட்டில் ஊறவைக்கும் சாதாரணத் தூளை ஃப்ரண்ட் லோடில் கொட்டக் கூடாது, நுரை அடங்கிய தூளைத்தான் போட வேண்டும் என்பதன் காரணம் இது.

டாப் லோடில் அடியில் ஒரு தட்டு சுழலும். அதைப் பல்சேட்டர் என்பார்கள். இந்தச் சுழல்நீர் முறையை ஜப்பானில் 1953-ல் சான்யோ நிறுவனம் பரப்பியது. ஆசிய வீடுகளுக்கு அதுவே வழக்கமாயிற்று. தட்டு இருபுறமும் மாறி மாறிச் சுழலும்போது எழும் நீரோட்டம் துணியை இழுத்து ஒன்றோடொன்று உரசவைக்கிறது. அதற்குத் துணி நீரில் மிதக்க வேண்டும். ஃப்ரண்ட் லோட் 15 லிட்டரில் துவைக்கும் துணிக்கு இதில் 50 லிட்டர் தேவைப்படும்.

நம் ஊர்த் துணியின் நீளம் இதற்கு ஒரு சோதனை. எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்கு மேல். சேலை ஐந்தரை மீட்டர். மடிசார் எட்டு மீட்டரைத் தாண்டும். பல்சேட்டர் இவற்றை முறுக்கிச் சிக்காக்கிவிடும். முறுக்கின் உட்புறத்துக்குச் சோப்பு நீர் போகாது. சேலையை மடித்து வலைப்பையில் போட்டால் சிக்கு குறையும். ஃப்ரண்ட் லோடில் வேறு தொல்லை. ஒரே ஒரு சேலையைப் போட்டால் உருண்டு ஒரு பக்கம் பாரமாகி, பிழியும் வேகத்தை எட்ட முடியாமல் மெஷின் தடுமாறும். கூட நாலு துணி வேண்டும்.

வண்டலும் கால்சியமும்

இனி டெல்டாவுக்கே உரிய அழுக்கைப் பார்ப்போம். நாற்றங்காலிலும் நடவு வயலிலும் வேட்டி சேலையில் ஏறும் களிமண்ணின் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது; ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. தட்டையான செதில் வடிவம். பருத்தி இழையின் மடிப்பிலும் முறுக்கிலும் அது எளிதாகப் போய் உட்கார்ந்துவிடும்.

களிமண் செதிலுக்கும் பருத்திக்கும் நீரில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ள வேண்டியவை. ஆனால் கடின நீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகள் இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒரு கையால் இழையையும் மறு கையால் செதிலையும் பற்றிப் பிணைத்துவிடும். அதே கால்சியம் சோப்போடு சேர்ந்து தயிர்போலத் திரிந்து, துணி மேலேயே படியும். ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரில் துவைத்த வெள்ளை வேட்டி மங்கிப் பழுப்பதன் காரணம் பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான். சோப்புத்தூளில் இருக்கும் செயற்கைச் சலவைப் பொருள் கடின நீரைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் அந்தச் சலவைப் பொருளும் கால்சியம் மிகுந்தால் வலு இழக்கும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 400 உள்ள ஒரு போர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். டாப் லோடின் 50 லிட்டரில் 20 கிராம் கடினப்பொருள் துணியோடு சேர்கிறது. ஃப்ரண்ட் லோடின் 15 லிட்டரில் 6 கிராம்தான். அதை முறிக்கக் கிட்டத்தட்ட அதே எடைக்கு நீரில்லாச் சலவைச் சோடா வேண்டும். ஒரே அளவு தூளைப் போட்டால் டாப் லோடில் அதன் பெரும்பங்கு தண்ணீரோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அழுக்குக்கு மிச்சம் குறைவு. கடின நீரில் ஃப்ரண்ட் லோட் நன்றாக வெளுப்பதன் அடிப்படை இந்த எளிய கணக்கு.

அதற்கு ஒரு விலையும் உண்டு. கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் பிரிந்து ஹீட்டர் மேல் ஓடாகப் படியும். அந்த ஓடு வெப்பத்தைத் தடுத்து மின்சாரத்தைத் தின்னும். நாளடைவில் ஹீட்டரே எரிந்துபோகும். சிட்ரிக் அமிலத்தை வெறும் டிரம்மில் போட்டு அவ்வப்போது ஓடவிடுவது போர் தண்ணீர் வீடுகளுக்குக் கட்டாயம்.

இரும்பு கலந்த தண்ணீர் இன்னொரு கதை. இறைக்கும்போது தெளிவாக இருக்கும். வாளியில் சற்று நேரம் நின்றால் செம்பழுப்பாகும். கரைந்திருந்த இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாக மாறுவதுதான் இது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை தெரியும். இந்தக் கறைக்குக் குளோரின் பிளீச் போடுவது பெருந்தவறு. அது இரும்பை மேலும் துருவாக்கித் துணியில் நிலைக்கவைத்துவிடும். எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்புகள்தான் துருவைக் கரைக்கும். இரும்புத் தண்ணீரை எந்த மெஷினும் வெல்லாது. தொட்டியில் காற்றுப்பட நிறுத்தி, தெளியவைத்து, வடிகட்டியபின்தான் மெஷினுக்கு விட வேண்டும்.

அலசல் கணக்கு

‘குறைந்த தண்ணீரில் சோப்பு எப்படிப் போகும்?’ என்பது ஃப்ரண்ட் லோட் பற்றிய நியாயமான சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 கிலோ துணி, அரைகுறையாகப் பிழிந்த பின்னும் 5 லிட்டர் சோப்பு நீரைப் பிடித்துவைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் 45 லிட்டர் நல்ல நீர் விட்டு ஒருமுறை அலசிப் பிழிந்தால் பத்தில் ஒரு பங்கு சோப்பு மிஞ்சும். பத்துப் பத்து லிட்டராக மூன்று முறை அலசினால் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, கடைசியில் இருபத்தேழில் ஒரு பங்குதான் மிஞ்சும். 30 லிட்டரைப் பிரித்து விட்ட அலசல், 45 லிட்டரை மொத்தமாக விட்ட அலசலை வென்றுவிட்டது. கையால் அலசுகிறவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

ஆனால் டாப் லோடில் 45 லிட்டர் அலசலை இரண்டு முறை செய்தால் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தாராளமாகத் தண்ணீர் உள்ள வீட்டில் அலசலில் டாப் லோடே முந்துகிறது. குழந்தைத் துணிக்கும், சோப்பு ஒவ்வாத தோல் உள்ளவர்களின் துணிக்கும் ஃப்ரண்ட் லோடில் கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துவது நல்லது.

வெயில் தரும் வெப்பம்

வெந்நீர்ச் சலவை பற்றி ஐரோப்பாவில் சொல்லப்படுவதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே குழாய் நீர் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி. தோலின் எண்ணெய்ப்பசை அந்தக் குளிரில் இறுகிக் கிடக்கும். ஹீட்டர் இல்லாமல் ஆகாது. நம் குழாயில் ஆண்டின் பெரும்பகுதி 28, 30 டிகிரியில்தான் தண்ணீர் வருகிறது. சித்திரை, வைகாசிப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் கொட்டும். வியர்வைப் பிசுக்கை நெகிழ்த்தவும் தூளிலுள்ள என்சைம்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யவும் அந்தச் சூடு போதும். அன்றாடத் துணிக்கு ஹீட்டர் தரும் முன்னிலை நம் ஊரில் குறைவு என்பது இதனால்தான்.

60 டிகிரி தேவைப்படும் இடங்கள் உண்டு. நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் அணையாடை, ஈர நாற்றம் ஏறிய துண்டு போன்றவை அவை. 15 லிட்டரை 30-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட் மின்சாரம் ஆகும்.

சில கறைகளுக்கு மெஷினைவிட வெயில் மேல். சாம்பாரின் மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். சோப்பின் காரத்தில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நிறம் மாறுவதால் அப்படி. பயந்து மேலும் தேய்க்க வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் ஒளியே குர்குமினைச் சிதைத்துவிடும். வாழைக்கறைக்கு வெயிலும் உதவாது. வாழைப்பாலில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப்பட்டுக் கருத்து இழையோடு பிணைந்துவிடும். அது காய்வதற்கு முன் கழுவுவது ஒன்றே வழி. திருவையாற்றுப் பக்கம் வாழை வெட்டுகிறவர்கள் அதற்கென்று ஒரு பழைய துணியை ஒதுக்கிவைப்பது அனுபவ அறிவு.

திருபுவனம் பட்டை இரண்டு மெஷினிலும் போடாதீர்கள். பட்டு புரதம். காரமும், கறை நீக்கும் தூளில் இருக்கும் புரதத்தைச் செரிக்கும் என்சைமும் அதை அரிக்கும். பூந்திக்கொட்டை நீரில் நனைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்துவதே பாதுகாப்பு.

அடைமழைக் காலம்

ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. நன்றாகத் துவைத்த துணியிலும் முடை நாற்றம் எழும். அதற்குக் காரணமான பாக்டீரியாக்களில் ஒன்று மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். துணி ஈரமாக இருக்கும் நேரம் நீள நீள அது பெருகும். ஆகவே எவ்வளவு பிழிகிறது என்பது டெல்டாவில் முக்கியமான கேள்வி.

பிழியும் விசை, சுற்றும் வேகத்தின் இருபடியாக ஏறும். டாப் லோட் 700 சுற்றிலும் ஃப்ரண்ட் லோட் 1200 சுற்றிலும் பிழிவதாகக் கொண்டால், ஒரே அளவு டிரம்மில் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஃப்ரண்ட் லோடிலிருந்து எடுத்த பருத்தி வேட்டி திண்ணைக் கொடியில் மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடுவதன் இரகசியம் இதுதான். அந்த மெஷினின் கதவை மட்டும் துவைத்து முடித்ததும் திறந்துவையுங்கள். மூடினால் ரப்பர் வளையத்தில் பூஞ்சை பிடித்து அந்த நாற்றம் துணிக்கே திரும்பும்.

வாங்கும் முன்

தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். குறைந்தது 0.3 பார் கேட்கும் மெஷினுக்கு, தொட்டி நீர்மட்டம் குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருக்க வேண்டும். மொட்டைமாடியிலேயே தொட்டி இருக்கும் ஒற்றைத்தள வீடுகளில் இது இழுபறியாகும். தொட்டியை மேடை கட்டி ஏற்றலாம், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். வாளியில் மொண்டு ஊற்றி ஓட்ட வேண்டிய வீட்டுக்கு செமி ஆட்டோமேட்டிக்கே பொருத்தம்.

தண்ணீரையும் சோதியுங்கள். தெளிந்த பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சீவிய குளியல் சோப்பைக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று நீர் தெளிந்திருந்தால் மென்னீர். நுரை அடங்கி நீர் பால்போலத் திரிந்தால் கடின நீர். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பேறிய ஊர்கள் பல. அங்கே குழாயில் வரும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீருக்கும் கிணற்று நீருக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பாட்டிலிலேயே தெரிந்துவிடும்.

வயல் துணியை நேரே ஃப்ரண்ட் லோடில் போடக் கூடாது. 15 லிட்டர் நீர் சேறாகி, அந்தச் சேறே மற்றத் துணிகளில் ஏறும். காய்ந்த மண்ணை உதறி, வெறும் நீரில் ஒரு முறை அலசிய பின் போடுங்கள். சம்பா அறுவடையின் சுணையும் வைக்கோல் தூசும் வடிகட்டியை அடைக்கும். அந்தப் பருவத்தில் வாரம் ஒருமுறை வடிகட்டியைத் திறந்து கழுவுங்கள்.

என் தீர்ப்பு இது. கடின நீரும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உள்ள வீடு, தொட்டி உயரமாக இருந்தால், கூடுதல் விலை கொடுத்து ஃப்ரண்ட் லோட் வாங்கலாம். அதே அளவு துணிக்கு அதன் வெளுப்பு மேல். ஒரு தடவைக்குத் தண்ணீர் 50, 60 லிட்டரில் முடியும். டாப் லோட் 100 லிட்டரைத் தாண்டும். மென்னீர் தாராளமாக வரும் வீட்டுக்கும், தினமும் சேற்றுத் துணி விழும் உழவர் வீட்டுக்கும், ஊறவைத்து, இடையில் நிறுத்தி, காலரைத் தேய்த்து மறுபடி போடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் டாப் லோடோ செமி ஆட்டோமேட்டிக்கோ போதும். விலையும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. எதை வாங்கினாலும் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள்.